கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கும் மருந்துகள்: அவை செய்வதும் செய்யாததும்

“கீமோதெரபியுடன் இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றப் போகிறோம், அது கட்டிக்கு இரத்தம் போவதைத் தடுக்கும்” என்று மருத்துவர் சொல்லும்போது பெரும்பாலான குடும்பத்தார் தலையசைத்துக் கேட்டுக்கொள்கின்றனர். வீடு திரும்பிய பிறகே ஐயங்கள் எழுகின்றன. இரத்தத்தைத் தடுத்தால் உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு என்ன ஆகும்? புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வந்தவரிடம் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஏன் சோதிக்கிறார்கள்? ஒரு பல்லைப் பிடுங்குவதற்குக்கூட ஏன் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்? சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தால் மருந்து பயனற்றுப் போயிற்று என்று பொருளா? இந்தக் கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது. அம்மருந்து உடலில் எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

கடுகளவில் நின்றுவிடும் கட்டி

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் ஏதேனும் ஒரு நுண்ணிய இரத்தக்குழாயின் அருகில்தான் வாழ்கிறது. குழாயிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன், திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு தொலைவுதான் செல்லும். அதற்கு அப்பால் உள்ள உயிரணு பிழைக்காது. புற்றுநோய் உயிரணுவுக்கும் இதில் விலக்கு இல்லை. எத்துணை வேகமாகப் பெருகினாலும், தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளாத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு கடுகின் அளவுக்கு மேல் வளர இயலாது.

இதை ஒரு சிகிச்சைக்கான வழியாகக் கண்டவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றியபோது, உடலுக்கு வெளியே உயிரோடு பேணப்பட்ட தைராய்டு சுரப்பிக்குள் புற்றணுக்களைச் செலுத்தினார். கட்டிகள் தோன்றின, ஆனால் கடுகளவில் நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலில் வைத்தபோது மளமளவென்று வளர்ந்தன. எலியின் உடலில் கட்டியை நோக்கி இரத்தக்குழாய்கள் வளர்ந்து வந்தன. தனித்து வைக்கப்பட்ட சுரப்பியில் அவை வரவில்லை. பின்னர் பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் முயலின் கண்ணை வைத்து அவர் குழுவினர் செய்த சோதனைகள் இன்னும் தெளிவானவை. கருவிழியில் இயல்பாகவே இரத்தக்குழாய் கிடையாது. அங்கே ஒரு துளிக் கட்டியை வைத்தால், சில நாள்களில் கண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிய சிவப்பு இழைகள் அதை நோக்கி நீண்டு வருவதைக் காண முடிந்தது.

கட்டி ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு இரத்தக்குழாய்களை அழைக்கிறது, அந்த அழைப்பை நிறுத்தினால் கட்டியின் வளர்ச்சியையும் நிறுத்தலாம் என்று 1971இல் ஃபோக்மன் எழுதினார். நெடுங்காலம் பலர் அதை ஏற்கவில்லை. அப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டும்வரை ஐயம் நீடித்தது. 1983இல் ஹெரால்டு டுவோராக்கின் ஆய்வுக்குழு, கட்டிகள் வெளியிடும் ஒரு புரதம் அருகிலுள்ள இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியச் செய்வதைக் கண்டறிந்தது. 1989இல் கலிபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராராவின் குழு, இரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. இரத்தக்குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயரின் பொருள். உங்கள் மருத்துவக் கோப்பில் அதை வி.இ.ஜி.எஃப். என்று நான்கெழுத்தில் எழுதியிருப்பார்கள். நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

ஆக்சிஜன் குறைந்த இடத்து உயிரணுக்கள் இந்தப் புரதத்தை வெளியிடுகின்றன. அருகிலுள்ள இரத்தக்குழாயின் உட்சுவரில் அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. புரதம் ஏற்பியில் பொருந்தியவுடன் அந்தச் சுவரின் உயிரணுக்கள் பெருகி, அழைப்பு வந்த திசையில் கிளைவிடுகின்றன. வாடும் வயல் தானே மடையை வெட்டிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. காயம் ஆறுவதும், மாதவிடாய்க்குப் பின் கருப்பையின் உட்சவ்வு புதுப்பிக்கப்படுவதும், கருவில் குழந்தை வளர்வதும் இதனால்தான். இயல்பான உடலில் தேவை முடிந்ததும் அழைப்பு ஓய்ந்துவிடும். புற்றுக்கட்டியில் அது ஓய்வதில்லை.

சிறுநீரகப் புற்றுநோயில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அந்நோயின் மிகப் பரவலான வகையில் வி.எச்.எல். என்னும் மரபணு செயலிழந்திருக்கும். ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போது “போதும், நிறுத்து” என்று சொல்லும் பொறுப்பு அந்த மரபணுவுடையது. அது இல்லாத உயிரணு, ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் மூச்சு முட்டுவதாகவே எண்ணி இரத்தக்குழாய்களை ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும். இந்த மருந்துகள் சிறுநீரகப் புற்றுநோயில் சிறப்பாகப் பயன்படுவதன் காரணம் இதுவே. உயிரணுக்கள் ஆக்சிஜன் அளவை உணரும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தடுக்கும் முறைகள்

பெவாசிசுமாப் என்னும் ஊசிமருந்து, இரத்தத்தில் செல்லும் வி.இ.ஜி.எஃப். புரதத்தையே பற்றிக்கொண்டு ஏற்பியை அடையவிடாமல் செய்கிறது. ராமுசிருமாப் ஏற்பியின் வாயிலை மூடுகிறது. சுனிட்டினிப், சோராஃபெனிப், பாசோபானிப், ஆக்சிட்டினிப், லென்வாட்டினிப் முதலியவை வாய்வழி உட்கொள்பவை. இவை இரத்தக்குழாய் உயிரணுவுக்குள் சென்று, ஏற்பி உள்ளே அனுப்பும் கட்டளையை அறுக்கின்றன. இவை வேறு சில ஏற்பிகளையும் சேர்த்தே தடுப்பதால், ஊசியில் காணாத சில பக்கவிளைவுகள் இவற்றில் காணப்படும். உங்களுக்கு எது பொருந்தும் என்பது நோய் எந்த உறுப்பில் தொடங்கியது, வேறு என்ன நோய்கள் உள்ளன என்பவற்றைப் பொறுத்தது.

சிலர், “இது கண்ணுக்குப் போடும் ஊசி அல்லவா?” என்று கேட்பதுண்டு. ஆம், அதே பெவாசிசுமாப்தான். நீரிழிவினாலும் முதுமையினாலும் விழித்திரையில் தேவையற்ற இரத்தக்குழாய்கள் வளரும்போது கண் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். கண்ணுக்குச் செலுத்துவது பொதுவாக 1.25 மில்லிகிராம். புற்றுநோய்க்கோ உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மிகக் குறைந்த அளவே 300 மில்லிகிராம். பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணில் போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பினார் என்பதைக் கொண்டு உங்கள் சிகிச்சையை எடைபோட வேண்டாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

1998இல் ஃபோக்மனின் ஆய்வகத்து எலிகளில் கட்டிகள் மறைந்த செய்தி அமெரிக்க நாளிதழின் முதற்பக்கத்தில் வந்தபோது, புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்றே பலர் நம்பினர். குணமானவை எலிகள் மட்டுமே என்று ஃபோக்மனே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை சரியானது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

மனிதர்களில் உறுதியான பயன் முதலில் பெருங்குடல் புற்றுநோயில் தெரிந்தது. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையிலிருந்த 800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்கள், பெவாசிசுமாப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதங்கள். இதன் அடிப்படையில் 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஃபோக்மன் எழுதி 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

இடைநிலை வாழ்நாள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. பாதிப்பேர் அந்தக் காலத்தைக் கடந்து வாழ்ந்தனர், பாதிப்பேர் அதை எட்டவில்லை என்பதே அதன் பொருள். எந்த ஒருவருக்கும் குறித்துவைத்த கெடு அன்று அது. அத்துடன், இவை இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எண்கள். உடன் தரப்படும் மருந்துகள் அதன்பின் பெரிதும் மாறியுள்ளன.

எல்லாப் புற்றுநோய்களிலும் இதே பயன் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு 2008இல் அமெரிக்காவில் பெவாசிசுமாப்புக்கு விரைவு ஒப்புதல் தரப்பட்டது. நோய் சற்று தாமதமாக வளர்ந்ததேயன்றி, வாழ்நாள் நீளவில்லை என்று தொடர்ந்த ஆய்வுகள் காட்டியதால் 2011 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்டோமா கட்டியில் இம்மருந்து வீக்கத்தைக் குறைக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையின் தேவையும் குறையக்கூடும். ஆனால் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்த இரு பெரிய ஆய்வுகளில் வாழ்நாள் நீளவில்லை. விலையும் சிறிதன்று. இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் வகைகள் வந்த பிறகும் பல குடும்பங்களுக்கு அது பெருஞ்சுமைதான். எனவே “இந்த மருந்தைச் சேர்ப்பதால் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய பயன் என்ன, எவ்வளவு?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்பது எவ்வகையிலும் மரியாதைக் குறைவன்று.

கட்டியின் அளவு மாறவில்லையே என்ற கவலைக்கு வருவோம். இம்மருந்துகள் புற்றணுவை நேராகக் கொல்பவை அல்ல. வளர்ச்சிக்கான வழியை அடைப்பவை. ஆகவே, பெருகிக்கொண்டிருந்த கட்டி பெருகாமல் நின்றிருப்பதும் இங்கே வெற்றியாகவே கணக்கிடப்படுகிறது. சில கட்டிகள் அளவில் குறையாமல், நடுப்பகுதி மட்டும் உயிரிழந்து ஸ்கேனில் கருமையாகத் தெரிவதும் உண்டு. அறிக்கையில் உள்ள அளவை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். அதே நேரத்தில், இந்தத் தடை என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. ஒரு வழி அடைபட்டால் கட்டி வேறு புரதங்களைக் கொண்டு இரத்தக்குழாய்களை அழைக்கக் கற்றுக்கொள்கிறது; ஏற்கனவே உள்ள குழாய்களை ஒட்டியே பரவவும் செய்கிறது. அப்போது மருந்தை மாற்ற நேரிடும்.

இரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டால் கீமோதெரபி மருந்து கட்டிக்குள் எப்படிச் செல்லும் என்று நுட்பமாகக் கேட்போரும் உளர். இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, பாஸ்டனில் பணியாற்றும் ராக்கேஷ் ஜெயின். கட்டியின் இரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டப்பட்டவை. முறுக்கிக்கொண்டும் ஓட்டை விழுந்தும் இருக்கும். அவற்றிலிருந்து கசியும் நீர் கட்டிக்குள் அழுத்தத்தை ஏற்படுத்தி மருந்தை உள்ளே விடாது. வி.இ.ஜி.எஃப். அளவாகத் தடுக்கப்பட்டால், தேவையற்ற குழாய்கள் மறைந்து எஞ்சியவை சிறிது காலத்திற்கேனும் சீராகின்றன. மருந்தும் ஆக்சிஜனும் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது என்பது அவர் முன்வைத்த விளக்கம். நோயெதிர்ப்பு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுப்பதற்கும் இதையொத்த காரணங்கள் கூறப்படுகின்றன. கல்லீரல் புற்றுநோயில் அட்டசோலிசுமாப், பெவாசிசுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர் என்றும், சோராஃபெனிப் மட்டும் பெற்றவர்களில் அது 55 விழுக்காடு என்றும் 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே அழைப்பு உடலுக்கும் தேவை

வி.இ.ஜி.எஃப். கட்டிக்கு மட்டும் உரியதன்று. அன்றாடம் சிறிய அளவில் அது உடலெங்கும் சில பணிகளைச் செய்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்கும்போது அப்பணிகளும் குறைவுபடும். இம்மருந்துகளின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இதனால் வருபவையே. முடி கொட்டுதல், கடும் வாந்தி போன்ற கீமோதெரபித் துன்பங்கள் இவற்றில் குறைவு. அதனாலேயே “இது லேசான மருந்து” என்ற தவறான எண்ணம் குடும்பங்களில் ஏற்பட்டுவிடுகிறது.

இரத்தக்குழாய்களைத் தளர்வாக வைத்திருக்க வி.இ.ஜி.எஃப். உதவுகிறது. அது தடைபட்டால் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தம் உயரும். மேற்சொன்ன பெருங்குடல் புற்றுநோய் ஆய்வில் பெவாசிசுமாப் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு, மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்கு அழுத்தம் உயர்ந்தது. உயர்வது தெரியாமலேயே உயரும் என்பதுதான் இதன் தொல்லை. மேற்கையில் சுற்றி அளக்கும் மின்னணுக் கருவி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். காபி, தேநீர் அருந்தி அரை மணி நேரமாவது கழியட்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளவெடுத்து, தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமம். 140/90ஐ மீண்டும் மீண்டும் தாண்டினால் அடுத்த தவணைவரை காத்திராமல் தெரிவியுங்கள். 180/110ஐ எட்டினாலோ, கடுந்தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறையுங்கள். கடையில் நீங்களே வாங்கும் வலி மாத்திரைகளில் பல அழுத்தத்தையும் இரத்தக்கசிவையும் கூட்டுபவை. கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். அழுத்தம் உயர்ந்தது என்பதற்காகப் புற்றுநோய் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பெரும்பாலும் ஓர் அழுத்த மாத்திரையைச் சேர்ப்பதால் சிகிச்சை தடையின்றித் தொடர முடிகிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டியைச் செம்மையாக வைத்திருப்பதும் இப்புரதமே. அது குறைந்தால் சிறுநீரில் புரதம் கசியும். சிறுநீர் நுரைத்துப் போவதும் காலிலும் கண்ணிமையிலும் வீக்கம் காண்பதும் அதன் அறிகுறிகள். அவை தோன்றும் முன்பே கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு தவணைக்கும் முன்பு சிறுநீர்ப் பரிசோதனை.

காயம் ஆறுவதற்குப் புதிய இரத்தக்குழாய்கள் தேவை என்று முன்பே கண்டோம். பெவாசிசுமாப்பின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள்கள் ஆகும். ஆகவே திட்டமிட்ட அறுவைக்கு முன்பு குறைந்தது 28 நாள்களுக்கு முன்னரே அதை நிறுத்த வேண்டும். பெரிய அறுவைக்குப் பின்பு குறைந்தது 28 நாள்கள் கடந்து, காயமும் முழுமையாக ஆறிய பிறகே மீண்டும் தொடங்கலாம். மாத்திரைகளுக்கு இந்த இடைவெளி குறைவு. மருந்துக்கு மருந்து மாறுபடும். குடலிறக்கம், மூலம், கண்புரை என்று எந்த அறுவைக்கு வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும், இம்மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய தாளைக் கையில் வைத்திருங்கள். பல் பிடுங்குவதிலும் கவனம் தேவை. எலும்பை உறுதிப்படுத்தும் சொலெட்ரானிக் அமில ஊசியும் சேர்ந்து போடப்படுபவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு சிதையக்கூடும். சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, செய்ய வேண்டியவற்றை முடித்துக்கொள்வது சிறந்தது. நீரிழிவு உள்ளவர்களின் கால்களை வீட்டார் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

மூக்கில் சிறிதளவு இரத்தம் வருவதும் குரல் கரகரப்பதும் பலருக்கு உண்டு. அச்சப்பட வேண்டாம், அடுத்த வருகையில் சொன்னால் போதும். ஆனால் இரத்த வாந்தி, கருநிற மலம், இருமலில் இரத்தம், திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, நெஞ்சு வலி, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் புறப்பட்டு வாருங்கள். குடலில் துளை விழுவது அரிதுதான். அதே ஆய்வில் சுமார் 1.5 விழுக்காட்டினருக்கே நேர்ந்தது. ஆயினும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கஞ்சி கொடுத்துக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தாகும். கல்லீரல் புற்றுநோயாளிக்கு இம்மருந்தைத் தொடங்கும் முன்பு எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வதும் இரத்தக்கசிவை எண்ணித்தான். உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்வார்கள்.

கருவின் வளர்ச்சிக்கு இந்த அழைப்பு இன்றியமையாதது. எனவே சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. பெவாசிசுமாப் எனில் கடைசித் தவணைக்குப் பின்பும் ஆறு மாதங்கள்வரை கருத்தடை தேவை. இளம் பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். செவிலியரிடம் தனியே கேட்கலாம்.

மாத்திரை உட்கொள்வோருக்கு

உணவோடு உள்ள தொடர்பு மருந்துக்கு மருந்து மாறும். பாசோபானிப், சோராஃபெனிப் இரண்டையும் வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ உட்கொள்ள வேண்டும். சுனிட்டினிப்புக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அதைப் பொதுவாக நான்கு வாரம் உட்கொண்டு இரண்டு வாரம் நிறுத்துவார்கள். அந்த இரண்டு வாரம் மாத்திரை தீர்ந்துபோனதால் வந்த இடைவெளி என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். கிரேப்ஃப்ரூட் பழத்தையும் அதன் இனமான பம்பளிமாஸையும் தவிர்ப்பது பாதுகாப்பானது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், குறிப்பாக அழுத்தம் படும் இடங்களில், தோல் தடித்துச் சிவந்து வலிப்பது இம்மாத்திரைகளில் அடிக்கடி வருவது. யூரியா கலந்த களிம்பு, மென்மையான காலணி ஆகியவை உதவும். வெந்நீரில் கால் வைப்பதும் துணி துவைப்பதும் கூடாது. நடக்க முடியாத அளவு வலித்தால் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைக்கலாம். மாதங்கள் செல்லச் செல்லத் தைராய்டு சுரப்பி மந்தமாகக்கூடும். தீராத அயர்வை நோயின் மீதே போட்டுவிடாமல் தைராய்டுப் பரிசோதனை செய்துகொண்டால், அதற்குரிய எளிய மாத்திரையால் சோர்வு குறைய வாய்ப்புண்டு.

சுனிட்டினிப் உட்கொள்பவரின் தோல் மஞ்சளாகத் தோன்றும். மருந்தின் நிறமே மஞ்சள். அது தோலில் தெரிகிறது, அவ்வளவுதான். வீட்டார் மஞ்சள் காமாலை என்று அஞ்சிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு. வெளிச்சத்தில் நின்று கண்ணின் வெண்பகுதியைப் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்து, சிறுநீரும் வழக்கமான நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் மருந்தின் நிறமே. கண்ணும் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். இம்மாத்திரைகளால் அதுவும் நேரக்கூடும். அந்த நிலையில் எந்த மூலிகையும் கொடுக்காமல், அடுத்த மாத்திரையை உட்கொள்ளும் முன்பே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.